பிரிண்ட் வினைல் ஓரம் ஏன் எழும்புகிறது? லேமினேஷன், கட்டிங் கேள்வி பதில்

அண்ணே, வினைலில் (பின்னால் பசையுள்ள பிளாஸ்டிக் ஸ்டிக்கர் ஷீட்) எக்கோ சால்வென்ட் பிரிண்ட், அதாவது கரைப்பான் கலந்த மையில் அடித்தது. தொட்டுப் பார்த்தால் காய்ந்துவிட்டது. சாயந்திரம் டெலிவரி. உடனே லேமினேட் பண்ணலாமா, அதாவது மேலே பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டலாமா?

வேண்டாம் தம்பி. கையில் மை ஒட்டவில்லை என்றால் மேல்பரப்பு மட்டும்தான் காய்ந்திருக்கிறது. வினைலுக்குள் இறங்கிய சால்வென்ட் மேல்வழியாகத்தான் ஆவியாகிப் போக வேண்டும். அதற்குள் ஃபிலிமைப் போட்டு மூடினால், அது கீழே பசையில் தங்கிவிடும். பசை இளகும், வினைல் சுருங்கும், ஓரம் எழும்பும். கடைசியில் பழி லேமினேஷன் ஃபிலிம் மேல் விழும்! குறைந்தது 24 மணி நேரம் விடுங்கள். அடர் கறுப்பு, அடர் சிவப்பு என்றால் 48. அதுவரை ரோலை இறுக்கிச் சுற்றி மூலையில் வைக்காதீர்கள், உள்சுற்றுக்குக் காற்றே போகாது. விரித்துத் தொங்கவிடுங்கள், இல்லையென்றால் தளர்வாகச் சுற்றி நிமிர்த்தி வையுங்கள். இன்றைக்கே கொடுத்தாக வேண்டுமா, லேடெக்ஸ் (நீர் கலந்த மை) மிஷின் உள்ள கடையில் அடித்து வாங்குங்கள். அந்த மை மிஷினிலேயே சூட்டில் காய்ந்துவிடும்.

லேமினேட் செய்த பிறகு கறுப்பு இடத்தில் மட்டும் வெள்ளி தூவினாற்போல் புள்ளிகள் தெரிகின்றன, சார்.

மைக்கும் பசைக்கும் நடுவே சிக்கிய காற்று அது. ரோலர் அழுத்தம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள், வேகத்தைக் குறையுங்கள். லேசாக இருந்தால் ஒரு நாளில் தானே மறைந்துவிடும்.

சன்போர்டில் (நுரை பிளாஸ்டிக் பலகை) ஒட்டிய போர்டு. இங்க் நன்றாகக் காய்ந்த பிறகுதான் லேமினேட் செய்தோம். அப்படியும் இரண்டே மாதத்தில் நான்கு மூலையும் தூக்கிவிட்டது.

அப்படியென்றால் ஃபிலிமை இழுத்துப் பிடித்து ஓட்டியிருப்பீர்கள். அந்த இழுவையில் நீண்டு போன ஃபிலிம் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும், அப்போது வினைலையும் சேர்த்து இழுக்கும். அடுத்த முறை லேமினேட் செய்த ஒரு துண்டைப் பின்தாளோடு மேசையில் வையுங்கள். மேல்நோக்கிச் சுருண்டால் டென்ஷன் அதிகம், ஃபிலிம் ரோலின் பிரேக்கைத் தளர்த்துங்கள். சுருக்கமே விழாத அளவு டென்ஷன் இருந்தால் போதும்.

இன்னொன்று, வினைலும் ஃபிலிமும் ஒரே இனமாக இருக்கட்டும். மோனோமெரிக் அதிகம் சுருங்கும், பாலிமெரிக் அதைவிடக் குறைவு, காஸ்ட் மிகக் குறைவு. அதனால் பாலிமெரிக் வினைலுக்குப் பாலிமெரிக் ஃபிலிம், காஸ்ட்டுக்குக் காஸ்ட். நல்ல காஸ்ட் வினைல் வாங்கிவிட்டு மேலே மலிவான மோனோமெரிக் ஃபிலிம் போடுவது காசை வீணாக்குவது. வெயிலில் இரண்டும் ஒரே அளவு சுருங்காது. மூலைகளையும் கூர்மையாக விடாமல் கொஞ்சம் வளைத்து வெட்டுங்கள். நகமும் துடைக்கும் துணியும் முதலில் மாட்டுவது அங்கேதான்.

ஓரம் வெட்டும்போது பிசிறு வருகிறது, அண்ணா. பிளேடு புதுசுதான்.

காலையில் போட்டதா? பசையில் ஓடிய முனை சீக்கிரம் மழுங்கும், யோசிக்காமல் பிளேடில் ஒரு கண்ணி (கோடு போட்ட நுனித் துண்டு) உடைத்துவிடுங்கள். முப்பது டிகிரி பிளேடு போட்டு, கத்தியைச் சாய்த்துப் பிடித்து, ஒரே மூச்சில் இழுங்கள். நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் படி விழும். இரும்பு ஸ்கேல் படத்தின் மேல் இருக்கட்டும், கத்தி வழுக்கினாலும் கழிவுப் பக்கம்தான் போகும். லேமினேட் செய்த பிறகே வெட்டுங்கள். வினைலும் ஃபிலிமும் ஒரே வெட்டில் அறுபட்டால்தான் ஓரம் ஒட்டி நிற்கும்.

பளபளப்பான கிளாஸ் (gloss) ஃபிலிம் போட்டதிலிருந்து பிளாட்டர் (வெட்டும் மிஷின்), வெட்டும் இடம் காட்டும் மார்க்கைப் படிக்க மாட்டேன் என்கிறது.

பளபளப்பில் சென்சார் வெளிச்சம் சிதறுகிறது. மார்க் மேல் மட்டும் மேட் டேப் ஒட்டிப் பாருங்கள், பெரும்பாலும் படித்துவிடும். கத்தி அழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருக்கும், இப்போது இரண்டு ஃபிலிம் அறுபட வேண்டுமே. ஓரத்தில் சின்ன வட்டம் வெட்டி உரித்துப் பாருங்கள். பின்தாளில் கோடு மட்டும் தெரிந்தால் சரி, தாள் கிழிந்தால் குறையுங்கள்.