ஒரு மார்க்

கேள்வி: என் மகன் வீடியோ கேம் வாங்கும்போது விமர்சனத்தைப் படிப்பதே இல்லை, மார்க்கை மட்டும் பார்க்கிறான். 90-க்கு ஒன்று குறைந்தாலும் 'வேண்டாம்' என்கிறான். ஒரு மார்க்கில் அப்படி என்ன இருக்கிறது?
— ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: தெருவுக்குத் தெரு பள்ளிக்கூடம் இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா அண்ணாச்சி? அங்கேதான் எனக்குக் கணக்கில் 34 போட்டார்கள். 35 எடுத்தால் பாஸ். வாத்தியாரிடம் போய் நின்றேன். "போட்டது போட்டதுதாம்ல, போ" என்றார். அப்பா அன்று ராத்திரி வரை ஒன்றும் பேசவில்லை. அப்புறம் பேசியதை அச்சில் போட முடியாது. பள்ளியின் பெயரைச் சொல்ல மாட்டேன். இன்றைக்கும் அந்த வாசலைத் தாண்டும்போது சைக்கிளை வேகமாக மிதிக்கிறேன்.

அதனால் அமெரிக்காவில் வீடியோ கேம் செய்யும் அப்சிடியன் கம்பெனிக்காரர்கள் பட்டது எனக்கு நன்றாகப் புரியும். 2010-ல் 'ஃபால்அவுட்: நியூ வேகாஸ்' செய்து கொடுத்தார்கள். பல பத்திரிகைகளின் மார்க்கைச் சேர்த்துச் சராசரி போடும் மெட்டாக்ரிட்டிக்கில் 85 வந்தால் போனஸ் என்று ஒப்பந்தம். வந்தது 84. போனஸ் கிடையாது. கம்பெனியைத் தொடங்கியவர்களில் ஒருவரான கிறிஸ் அவெலோனே பிற்பாடு இதைச் சொன்னார். அந்த கேமை இன்னும் கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். போன ஒரு மார்க் போனதுதான்.

உங்கள் மகனிடம் வேறு ஒன்று கேளுங்கள்: மார்க் போட்டவர் எதில் ஆடினார், எப்போது ஆடினார்? 2020 டிசம்பரில் 'சைபர்பங்க் 2077' வந்தபோது முதல் விமர்சனங்கள் கம்ப்யூட்டரில் ஆடிப் பார்த்து எழுதியவை. மார்க் அள்ளியது. அதை நம்பி சோனி கம்பெனியின் கேம் பெட்டியான பிளேஸ்டேஷன் 4-ல் போட்டவர்களுக்குப் படம் திக்கித் திணறி நின்றது. சோனியே அதைத் தன் இணையக் கடையிலிருந்து எடுத்துவிட்டது. பிறகு பல மாதம் பழுது பார்த்துச் சரி செய்தார்கள். இதில் எந்த நாளுக்கு எந்த மார்க்?

அல்வாவுக்கு வருவோம். (வராமல் இருப்பேனா?) சாயங்காலம் கடை திறந்ததும் கூட்டத்தில் இடிபட்டு, சூடு ஆறாமல், கையெல்லாம் நெய் வடிய விழுங்கினவன் போடும் மார்க்கும், சென்னையில் மூன்றாம் நாள் பொட்டலத்தைப் பிரித்தவன் போடும் மார்க்கும் ஒன்றாகுமா? அதுவும் அவசரத்தில் ரயிலடியில் வாங்கிய அல்வா என்றால்... சரி, வேண்டாம். அதைப் பற்றி எழுதி ஒரு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டது போதும்.

கேம் விமர்சனம் எழுதும் யூரோகேமர் இணையதளம் 2015-ல் மார்க்கைத் தூக்கி எறிந்தது. 2023-ல் ஐந்துக்கு இத்தனை நட்சத்திரம் என்று திரும்பவும் எடுத்து வைத்துக்கொண்டது. நம் பக்கத்து ஆட்கள் இந்த வம்புக்கே போவதில்லை. இலையில் மூன்றாம் தடவை சொதி ஊற்றச் சொன்னவரிடம் எப்படி இருக்கு என்று கேளுங்கள், "பரவால்ல" என்பார். அதற்கு மேல் மார்க் இந்தச் சீமையிலேயே கிடையாது.

போன இதழுக்குப் பத்துக்கு ஆறு என்று கார்டில் எழுதிப் போட்ட வண்ணார்பேட்டை அன்பருக்கு: மீதி நாலு எங்கே என்று கேட்டு மூன்று கடுதாசி போட்டாயிற்று. பதில் வரவில்லை.