பிளஸ் டூ முடித்தவர்களுக்கு: வெளிநாட்டுச் சேவை, உள்ளூர் வசூல்

தேர்வு முடிவு வந்ததும் எனக்கு வரும் கடிதங்கள் பெரும்பாலும் கல்லூரி அட்மிஷன் பற்றித்தான் இருக்கும். இந்த முறை ஒரு கட்டு முழுக்க, கல்லூரிக்கு முன்னால் வெளிநாடு போய்த் தன்னார்வலராகச் சேவை செய்ய ஆசைப்படும் பிள்ளைகளிடமிருந்து. ஆசையில் தப்பில்லை. பணம் திரட்ட அவர்கள் வைத்திருக்கும் யோசனைகள்தான் வயிற்றில் புளியைக் கரைக்கின்றன.

வள்ளியூர் மாணவி: கென்யாவில் மூன்று மாதச் சேவைக்கு ஒன்றரை லட்சம் தேவை. கல்விக் கடன் கிடைக்குமா?

கிடைக்காது. பட்டமோ பட்டயமோ தரும் படிப்பில் இடம் கிடைத்தால்தான் கல்விக் கடன். அம்மாவின் நகையை அடகு வைக்கும் யோசனை இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். அப்புறம், உங்கள் பட்ஜெட்டில் தடுப்பூசியே இல்லை. கென்யாவிலிருந்து திரும்புகிறவர்களிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையை இங்கே விமான நிலையத்தில் கேட்பார்கள். பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே, அங்கீகாரம் பெற்ற மையத்தில் போட்டிருக்க வேண்டும்.

அம்பாசமுத்திரம் நண்பர்கள் மூவர்: 50 ரூபாய் டிக்கெட் அடித்து, குலுக்கலில் முதல் பரிசு செல்போன் என்று அறிவிக்கலாமா?

கூடாது. தமிழ்நாட்டில் 2003 முதல் லாட்டரிக்குத் தடை. நல்ல காரியத்துக்கு என்று நோட்டீஸில் போட்டால் போலீஸ் விட்டுவிடாது. வருடா வருடம் இந்தக் கேள்வி வருகிறது, நானும் வருடா வருடம் இதையே எழுதுகிறேன். கருப்பட்டி, பத்தமடைப் பாய் என்று மொத்த விலைக்கு வாங்கி, லாபம் எதற்கு என்று சொல்லி விற்றுப் பாருங்கள். பலகாரம் செய்து விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். பில் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மேலப்பாளையம் மாணவர்: தாய்மாமா சிங்கப்பூரிலிருந்து 40,000 அனுப்புகிறார். துபாயில் மாமா மகனும் அவர் நண்பர்களும் சேர்ந்து 80,000. வரி உண்டா?

தாய்மாமா வருமான வரிச் சட்டப்படி உறவினர், அவர் தருவதற்கு வரி இல்லை. மாமா மகன் உங்களுக்கு எவ்வளவு நெருக்கமாக இருந்தாலும் அந்தப் பட்டியலில் வரமாட்டார். உறவினர் அல்லாதவர்களிடம் ஒரு நிதியாண்டில் வாங்குவது மொத்தம் 50,000-ஐத் தாண்டினால் முழுத் தொகையும் உங்கள் வருமானம். வேறு வருமானம் இல்லாத 18 வயதுக்காரருக்கு அதனால் வரி கட்ட வேண்டி வராது. 18 ஆகவில்லை என்றால் அது அப்பா அல்லது அம்மாவின் வருமானத்தோடு சேரும்.

அனுப்புகிறவர் இந்தியக் குடிமகனா என்றும் கேளுங்கள். குடிமகன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் வராது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவர், அங்குள்ள சங்கம், கம்பெனி என்றால் ஆடிட்டரைப் பார்க்காமல் ஒரு ரூபாய் வாங்காதீர்கள்.

ஓர் ஆசிரியை: மாணவனுக்கு நான் கொடுத்த ஐயாயிரத்துக்கு, நன்கொடைக்கான 80ஜி வருமான வரிச் சலுகை உண்டா?

கிடையாது. தனி நபருக்குக் கொடுத்தது வெறும் அன்பளிப்பு.

பாளையங்கோட்டை மாணவர்: கம்போடியாவில் அநாதை இல்லத்தில் இரண்டு வாரம் ஆங்கிலம் கற்பிக்கப் போகிறேன். கட்டணம் ஒன்றேகால் லட்சம், டிக்கெட் தனி. ஏஜென்டிடம் 20,000 கட்டிவிட்டேன். ஆசிரியர்கள் 30,000 வசூலித்துக் கொடுத்தார்கள். எந்த விசா எடுக்க வேண்டும்?

விசா கடைசியில் வர வேண்டிய கேள்வி. நீங்கள் நேரில் வந்திருந்தால் "ஏல, ரசீது எங்கே?" என்றுதான் ஆரம்பித்திருப்பேன். கடிதத்தில் ரசீது பற்றி ஒரு வரி இல்லை.

இரண்டு வாரத்துக்கு ஒன்றேகால் லட்சம் என்றால் நாளொன்றுக்கு ஒன்பதாயிரம். கம்போடியாவில் ஓர் ஆள் தங்கிச் சாப்பிட அவ்வளவு ஆகாது. தங்குமிடத்துக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு, இல்லத்துக்கு எவ்வளவு, ஏஜென்டுக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். போகவில்லை என்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தரமாட்டேன் என்றால் பதில் கிடைத்துவிட்டது.

அதைவிடப் பெரிய விஷயம் அந்த இல்லம். கம்போடியாவில் இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அப்பா அம்மாவில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார். யுனிசெப் இதைப் பல வருடமாகச் சொல்லி வருகிறது. காசு கட்டிக்கொண்டு ஆள் வருவதால் இல்லம் பெருகுகிறது, இல்லத்தை நிரப்ப ஏழை வீட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறோம் என்று கூட்டி வருகிறார்கள். ஆஸ்திரேலியா 2018-இல் நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்தபோது இந்தப் பிள்ளைக் கடத்தலும் அங்கே பேசப்பட்டது. நீங்கள் வசூலிக்கும் பணம் எதை வளர்க்கிறது என்று உங்கள் ஆசிரியர்களுக்குத் தெரியுமா?

இன்னொன்று. பாளையங்கோட்டையில் பள்ளிகளுக்குப் பஞ்சமில்லை. பயிற்சி எதுவும் இல்லாத 18 வயது வெளிநாட்டுப் பையன் ஒருவன் வந்து, இரண்டு வாரம் வகுப்பு எடுக்கிறேன் என்றால் எந்தத் தலைமையாசிரியர் கேட்டுக்குள் விடுவார்? உங்களிடம் போலீஸ் நன்னடத்தைச் சான்றுகூடக் கேட்காமல் குழந்தைகளிடம் அனுப்பும் இடம் எப்படிப்பட்ட இடம்?

சேவைக்கு ஆள் எடுப்பவர்கள் எல்லோரும் காசு பிடுங்குவதில்லை. 1970 முதல் இருக்கும் ஐ.நா. தன்னார்வலர் அமைப்பு களத்துக்கு அனுப்பும் தன் ஆட்களுக்குப் படி கொடுக்கிறது. 18 வயதானால் வீட்டிலிருந்தே இணையவழியாகவும் சேரலாம். ஜெர்மனி 2011-இல் தொடங்கிய கூட்டாட்சித் தன்னார்வச் சேவையில் வெளிநாட்டு இளைஞர்களும் சேரலாம். கைச்செலவுக்குப் பணமும் காப்பீடும் உண்டு, கொஞ்சம் ஜெர்மன் பேச வரவேண்டும். இவற்றில் இடம் கிடைப்பது லேசில்லை, மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். கமிஷன் இல்லாததால் எந்த ஏஜென்டும் இதைச் சொல்லப்போவதில்லை.

சரி, விசா. டூரிஸ்ட் விசாவில் போ, சேவை என்று மூச்சு விடாதே என்று ஏஜென்ட் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். பிரிட்டன் மாதிரி சில நாடுகள் விசிட்டர் விசாவிலேயே, பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தில் 30 நாள் வரை அனுமதிக்கின்றன. எல்லா நாடும் அப்படி அல்ல. ஆசிரியர்களின் 30,000-ஐ யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று எழுதித் திருப்பிக் கொடுங்கள்.

களக்காடு மாணவர்: ஊர்க் கோயில் கொடை விழாவில் டப்பா வைத்து வசூல் பண்ணலாமா?

கோயிலுக்கு வரி கொடுக்கும் வரிதாரர்களிடம் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் செய்யுங்கள். நெல்லையப்பர் ஆனித் தேரோட்டக் கூட்டத்தில் போய் டப்பா குலுக்காதீர்கள். ஜிபே என்றால் தனிக் கணக்கு தொடங்குங்கள், அப்பாவின் கடைக் கணக்கில் கலக்க வேண்டாம். ரசீது, ரசீது, ரசீது.

தென்காசியிலிருந்து ஒரு தந்தை: மகளுக்குப் பதினேழரை வயது. நேபாளம் போகிறேன் என்கிறாள். அனுப்பலாமா?

ஆறு மாதம் பொறுங்கள் ஐயா. 18 ஆகாதவர் போட்ட ஒப்பந்தம் செல்லாது. நேபாளத்துக்கு நமக்கு விசா வேண்டாம் என்பதால் அவசரமும் இல்லை. அதுவரை உங்கள் பக்கத்திலேயே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. 1981 முதல் மாற்றுத் திறனாளிகளுக்காக வேலை செய்கிறவர்கள், வெளிநாட்டிலிருந்தே அங்கே தன்னார்வலர்கள் வருகிறார்கள். மகளை அழைத்துப் போய்க் கேளுங்கள். பறவைகளில் ஆர்வம் இருந்தால் தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கும் தன்னார்வலர்களைச் சேர்க்கிறார்கள். இப்படி ஓரிடத்தில் வேலை செய்த சான்றோடு வசூலுக்குப் போனால் கொடுப்பவர்களுக்கும் நம்பிக்கை வரும்.

திசையன்விளை மாணவி: வசூல் முடிந்த பிறகு பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தால் போதுமா?

போதாது. பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகுதான் வசூல். திருநெல்வேலியிலேயே சேவை மையம் இருக்கிறது, சாதாரண முறையில் பெரியவர்களுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை மறக்காமல் கொண்டுபோங்கள். ஆதாரில் இனிஷியல், மார்க் ஷீட்டில் அப்பா பெயர் முழுசாக என்று இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துவிட்டு வாருங்கள்.