ரெசின் மணிகளும் நச்சு உலோகங்களும்: கேள்வி பதில்

தண்ணீரில் இருக்கும் நச்சு உலோகங்களைப் பிடிக்க ரெசின் மணிகளை அடைத்த குழாய்களோடு பல வருடம் மல்லுக்கட்டியவன் என்பதால், அதைப் பற்றிய கேள்விகள் என்னிடம் வந்துவிட்டன. தெரிந்தவரை சொல்கிறேன்.

கேள்வி: சார், ரெசின் உலோகத்தைச் சல்லடை மாதிரிப் பிடிக்கிறதா?

இல்லை, இது பண்டமாற்று. சாதாரண ரெசின் மணி ஒரு மில்லிமீட்டருக்கும் சின்னது. ஸ்டைரீன் சங்கிலிகளை டைவினைல்பென்சீன் குறுக்கே கட்டிய பாலிமர் வலை அது. வலை முழுக்க எதிர்மின்சுமை கொண்ட சல்போனேட் குழுக்கள் இருக்கும், அவற்றோடு சோடியம் ஒட்டியிருக்கும். ஓர் ஈய அயனி உள்ளே வந்தால் இரண்டு சோடியம் எழுந்து இடம் விடும். ஒரு லிட்டர் ரெசினில் சுமார் 2 ஈக்விவலன்ட் (அதாவது 2 மோல் ஒற்றை மின்சுமைக்கான) இடம் உண்டு. ஏட்டுக்கணக்கில் அது 200 கிராம் ஈயத்துக்குப் போதும். ஆனால் நிஜத் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் முன்பே வரிசையில் நிற்கும்!

கேள்வி: கடல்நீரில் ஈயம் அளக்க வேண்டும். உப்பு எல்லாவற்றையும் கெடுக்கிறது.

கெடுக்கத்தான் செய்யும். ஒரு லிட்டர் கடல்நீரில் கால்சியம் சுமார் 400 மில்லிகிராம், மக்னீசியம் 1,300 மில்லிகிராம். ஈயமோ நானோகிராம் கணக்கு. இங்கே வேண்டியது கீலேட் ரெசின். நண்டுக் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில் இருந்து வந்த பெயர் அது. ஐமினோடைஅசிட்டேட் குழு ஈயத்தையும் செம்பையும் கொடுக்கு போலக் கவ்வும், கால்சியத்தை அவ்வளவாக மதிக்காது. மாதிரியின் பிஎச்சை 5.5 அருகில் வைத்து மெதுவாக ஓட்டுங்கள். அம்மோனியம் அசிட்டேட் விட்டு மிச்சக் கால்சியம், மக்னீசியத்தை அலசுங்கள். அப்புறம் ரெசின் பிடித்த ஈயத்தை 10 மில்லிலிட்டர் 2 மோலார் நைட்ரிக் அமிலத்தில் இறக்கினால், ஒரு லிட்டரில் இருந்தது 100 மடங்கு செறிவாகிக் கைக்கு வரும். வெற்று மாதிரி (கடல்நீருக்குப் பதில் சுத்தமான நீர்) ஒன்றையும் கட்டாயம் ஓட்டுங்கள். அமிலத்திலும் பாட்டிலிலும் இருக்கும் ஈயம் சேர்ந்தே வரும்.

கேள்வி: குரோமியம் என் குழாயில் நிற்காமல் நேராக வெளியே வருகிறது. ரெசின் கெட்டுவிட்டதா?

ரெசின் நன்றாகத்தான் இருக்கும். உங்களுடையது ஆறு இணைதிறன் குரோமியமாக இருக்கலாம். அது தண்ணீரில் குரோமேட் என்ற எதிர் அயனி, அதாவது எதிர்மின்சுமை கொண்டது. நேர் அயனிக்கான ரெசின் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. குவாட்டர்னரி அம்மோனியம் குழு கொண்ட எதிர் அயனி ரெசினுக்கு மாறுங்கள். உலோகத்தைக் கவ்வும் ஈடிடிஏ என்ற வேதிப்பொருள் கலந்த கழிவுநீரிலும் இதே கதைதான், செம்புகூட எதிர்மின்சுமையோடு வரும்.

கேள்வி: ஆர்சனிக்கையும் அதே எதிர் அயனி ரெசினில் பிடிக்கலாமா?

பிடிக்கலாம், ஆனால் இரண்டு பள்ளங்கள் உண்டு. ஆர்சனிக்கின் ஆர்சனைட் வடிவம் பிஎச் 9க்குக் கீழே பெரும்பாலும் மின்சுமையே இல்லாமல் இருக்கும், ரெசினுக்குப் பிடி கிடைக்காது. முதலில் அதை ஆர்சனேட்டாக ஆக்சிஜனேற்ற வேண்டும். இரண்டாவது பள்ளம்தான் ஆபத்தானது. ரெசினுக்கு ஆர்சனேட்டைவிடச் சல்பேட் மேல் பிரியம் அதிகம். குழாய் நிரம்பி வரும்போது, புதிதாக வரும் சல்பேட் பழைய ஆர்சனேட்டைத் தள்ளிவிடும். உள்ளே போகும் தண்ணீரைவிட வெளியே வருவதில் ஆர்சனிக் கூடுதலாக இருக்கும்! உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான். சல்பேட் அதிகமான நீருக்கு, மணிக்குள் இரும்பு ஆக்சைடு நுண்துகள் பதித்த கலப்பு ரெசின்தான் என் தேர்வு.

கேள்வி: பாதரசம்?

கந்தகம் உள்ள தயோல் குழு கொண்ட ரெசின். கந்தகத்தைக் கண்டால் பாதரசம் விடாது.

கேள்வி: வண்டல் மாதிரியில் புழுக்கள் செத்துப்போகின்றன. காரணம் உலோகமா, வேறு ஏதாவதா என்று ரெசினை வைத்துச் சொல்ல முடியுமா?

அருமையான கேள்வி. முடியும். வண்டலில் ரெசினைக் கலந்து ஊறவிட்டுச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். சாவு குறைந்தால் சந்தேகம் உலோகத்தின் மேல் விழும். சுத்தமான வண்டலிலும் அதே அளவு ரெசின் கலந்து பாருங்கள், ரெசினே உயிர்களைத் தொந்தரவு செய்கிறதா என்று தெரிய வேண்டுமே. புழுக்களைக் கொல்லக்கூடிய அம்மோனியாவையும் மறக்காதீர்கள். அம்மோனியம் நேர் அயனி என்பதால் சல்போனேட் ரெசின் அதையும் பிடிக்கும், பழி தவறான ஆள் மேல் விழும். கரைந்த கரிமப் பொருளின் எதிர்மின் மூலக்கூறுகளோடு ஒட்டிய உலோகமும் இந்த ரெசினிடம் இருந்து தப்பும்.

கேள்வி: ரெசினைத் திரும்பப் பயன்படுத்தலாமா?

நேர் அயனி ரெசினை அமிலத்திலும் எதிர் அயனி ரெசினை உப்புக் கரைசலிலும் கழுவி மீட்கலாம். ஆனால் அந்தக் கழுவிய நீரில்தான் உங்கள் நச்சு மொத்தமும் குவிந்திருக்கும். அதைச் சிங்க்கில் ஊற்றினால் செய்த வேலை வீண். நச்சுக் கழிவாகவே ஒப்படையுங்கள்.

கேள்வி: விடுமுறைக்குப் போய்த் திரும்பினால் குழாய் காய்ந்து கிடக்கிறது. தண்ணீர் ஊற்றவா?

வேண்டாம், நானும் ஒருமுறை அப்படித்தான் கெடுத்தேன். காய்ந்த மணி தண்ணீரைக் கண்டதும் சட்டென்று உப்பி வெடிக்கும். செறிந்த உப்புக் கரைசலில் ஊறவைத்து, படிப்படியாக நீர்க்கச் செய்யுங்கள். கண்ணாடிக் குழாய்க்குள் வைத்தே ஊறவிடாமல், பீக்கருக்கு மாற்றிவிட்டு.