இத்தாலியின் டஸ்கனியில் ஓர் இரவு தங்க எந்த மலையூர்?

"சியெனாவைப் பார்த்த பிறகு, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள மலையூர் ஒன்றில் ஓர் இரவு தங்க விரும்புகிறோம், எங்களில் ஒருவர் சைவர், மதுவும் அருந்தமாட்டார். எந்த ஊர் பொருந்தும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். தயக்கமின்றி மொன்டால்சினோ என்பேன். சியெனாவுக்குத் தெற்கே சுமார் 40 கி.மீ. தொலைவில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில் இருக்கும் இவ்வூர், சான்ஜோவேசே என்ற ஒரே திராட்சை வகையிலிருந்து எடுக்கப்படும் புரூனெல்லோ மதுவுக்குப் பெயர்பெற்றது.

பகலில் வந்து திரும்புவோரே இங்கு மிகுதி. ஆனால் இரவு தங்குவதில்தான் இந்த ஊரின் அருமை இருக்கிறது. இத்தாலியில் வாகனம் ஓட்டுபவரின் இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கக் கூடாது என்பது சட்டம். இரவு இங்கேயே தங்கினால் அந்தக் கவலையின்றி, நிதானமாகச் சுவைத்துவிட்டு நடந்தே அறைக்குத் திரும்பலாம். புரூனெல்லோ குறைந்தது இரண்டு ஆண்டுகள் ஓக் மரப் பீப்பாயில் முதிர்ந்து, அறுவடைக்குப் பின் ஐந்தாம் ஆண்டின் ஜனவரியில்தான் விற்பனைக்கு வருகிறது. ஆகவே விலை அதிகம். அதே திராட்சையில் ஓராண்டுக்குள் வெளிவரும் ரோசோ மதுவில் ஒரு கோப்பையை முதலில் அருந்திவிட்டுப் புரூனெல்லோவுக்குச் செல்வது நல்லது. மது தயாரிக்கும் இடங்களைப் பார்க்க முன்பதிவு தேவை; செப்டம்பர் அறுவடைக் காலத்தில் அங்குள்ளவர்களுக்கு நேரமே இராது என்பதால், நான் மே மாதத்தையே பரிந்துரைப்பேன்.

மது அருந்தாதவருக்கும் இங்கு குறையொன்றுமில்லை. அன்று தனிக் குடியரசாக இருந்த சியெனா 1361-இல் எழுப்பிய ஐங்கோணக் கோட்டையின் மதில்மேல் ஏறினால், தெற்கே அமியாத்தா மலையும் அதன் அடியில் வால் தோர்ச்சா பள்ளத்தாக்கும் விரிகின்றன. சியெனா 1555-இல் வீழ்ந்தபின், அதன் குடியரசைச் சேர்ந்தவர்கள் இங்கே ஒதுங்கி 1559 வரை தாக்குப்பிடித்தார்கள் என்பதை அந்த மதிலில் நின்று நினைக்கும்போது, கல்லின் கனம் வேறாகத் தெரிகிறது. உணவில், மாவும் தண்ணீரும் பிசைந்து உள்ளங்கையால் கயிறுபோல் உருட்டித் திரிக்கும் பின்சி என்ற தடித்த பாஸ்தாவைக் கேளுங்கள். காட்டுப்பன்றி இறைச்சிக் குழம்போடு தருவதே இங்கு வழக்கம் என்பதால், பூண்டும் தக்காளியும் சேர்ந்த குழம்பு வேண்டும் என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் காலையைச் சாந்தான்திமோ மடாலயத்துக்கு ஒதுக்குங்கள். தோட்டங்களுக்கும் காடுகளுக்கும் இடையே சுமார் 10 கி.மீ. நடைபாதை உண்டு, பாதை பெரும்பாலும் இறக்கம் என்றாலும் மூன்று மணி நேரமாவது வேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தத் தேவாலயத்தில் ஒரு தூணின் தலைப்பகுதியில், சிங்கங்களுக்கு நடுவே கைகளை உயர்த்தி நிற்கும் விவிலியத் தீர்க்கதரிசி தானியேலைச் செதுக்கியிருக்கிறார்கள். சிங்கங்களின் பற்களைக்கூட விட்டுவைக்காத அந்தச் சிற்பியின் உளி வேலையை அருகில் நின்று பார்க்க வேண்டும்.

சியெனாவிலிருந்து பேருந்தில் ஒன்றேகால் மணி நேரப் பயணம். ஞாயிற்றுக்கிழமைகளில் பேருந்துகள் மிகக் குறைவு என்பதால் வார நாளைத் தேர்ந்தெடுங்கள். காரில் வருவதானால், பழைய நகருக்குள் வெளியூர் வாகனங்களுக்கு அனுமதியில்லை. கோட்டைக்கு அருகிலுள்ள நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு நடந்து செல்லுங்கள்.