நவுரு: தின்றவர்கள் யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நவுரு என்ற குட்டித் தீவு நாட்டைப் பற்றி யூட்யூபில் பார்த்தேன். உரம் செய்யப் பயன்படும் பாஸ்பேட் பாறையை விற்று உலகப் பணக்கார நாடுகளில் ஒன்றாக இருந்தார்களாம். அப்போது வருமான வரியே கிடையாதாம். எல்லாவற்றையும் தின்று தீர்த்து ஓட்டாண்டி ஆனார்களாம். உழைக்காமல் வரும் பணம் மனிதர்களைச் சோம்பேறியாக்கும் என்பதுதானே பாடம்? இதைச் சொல்லி என் பிள்ளைகளுக்குச் சேமிப்பைக் கற்றுத்தரலாமா?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

பிள்ளைகளுக்குச் சேமிப்பைச் சொல்லித்தர உண்டியல் போதும். நவுருவை விட்டுவிடுங்கள்.

கோபப்படாதீர்கள், உங்கள் மேல் வருத்தமில்லை. 21 சதுர கிலோமீட்டர் தீவில் வாழும் பத்தாயிரம் சொச்சம் பேரை உலகத்துக்கே சோம்பேறி உதாரணமாக்கும் காணொளிகளைப் பார்த்து நானும் கொஞ்ச நாளாகவே புகைந்துகொண்டிருக்கிறேன். ஊதாரித்தனம் நடந்தது, சரி. மெல்போர்னில் 52 மாடிக் கட்டடம் கட்டி, 2004இல் கடனுக்காக விற்றார்கள். லண்டனில் ஓர் இசை நாடகத்துக்குப் பணம் போட்டார்கள், அது சில வாரங்களில் படுத்தது. இருக்கட்டும்.

சுதந்திரத்துக்கு முந்தைய அரை நூற்றாண்டில் தின்றது யார்? முதல் உலகப்போர் முடிந்ததும் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் சேர்ந்து நவுருவின் பாஸ்பேட் சுரங்கத்தை எடுத்துக்கொண்டன. சந்தை விலையைவிடக் குறைவாகத் தங்கள் பண்ணைகளுக்கு உரம் கொண்டுபோயின. தோண்டிய இடத்தில் மிஞ்சியது கூர்கூராக நிற்கும் சுண்ணாம்புப் பாறை. அதில் ஒரு முருங்கைக் கொம்பைக்கூட நட முடியாது. அப்புறம் ஆஸ்திரேலியா சொன்ன யோசனை என்ன தெரியுமா? மொத்த ஜனத்தையும் குவீன்ஸ்லாந்து பக்கம் கர்ட்டிஸ் தீவுக்குக் குடிபெயர்ப்பது! 1964இல் ஹாமர் டிராபர்ட் தலைமையில் அவர்கள் மறுத்தார்கள். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் 1200 பேரை பசிபிக்கில் உள்ள ட்ரக் (இன்றைய சூக்) தீவுக்கு நாடுகடத்தி, 737 பேர் மட்டும் உயிரோடு திரும்பிய ஊர் அது. திரும்பியவர்களில் டிராபர்ட்டும் ஒருவர். இன்னொரு தீவுக்கு எப்படிப் போவார்கள்? சுதந்திரம் வந்தது 1968இல். 1967க்கு முன்பே தோண்டிப்போட்ட நிலத்தைச் சீர்செய்யக் கேட்டு 1989இல் சர்வதேச நீதிமன்றம் போனார்கள். 1993இல் ஆஸ்திரேலியா 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலர் தர இறங்கிவந்தது.

அப்பா சூப்பர் பாஸ்பேட் மூட்டை வாங்கிவருவார். சாம்பல் நிறம், மூக்கில் ஏறும் புளிப்பு வாடை. கூடையில் அள்ளி நானே வயலில் வீசியிருக்கிறேன். எந்த ஊர்ப் பாறை இது என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. கேட்காமல் சாப்பிட்டவர்களுக்கு என்ன பெயர் வைக்கலாம், செந்தில்?

பணம் தீர்ந்த நவுரு, 2001இல் ஆஸ்திரேலியா திருப்பியனுப்பிய அகதிகளை அடைத்துவைக்க இடம் கொடுத்துப் பிழைத்தது. உங்கள் காணொளியில் இதைச் சொன்னார்களா? சொல்லியிருந்தால் இணைப்பை அனுப்புங்கள், பார்க்கிறேன்.