திரி எரியும் குண்டைக் கையில் எடுத்தவர்: கேள்வி பதில்

கேள்வி: பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸில் முதல் ஆள் ஒரு கடற்படைக்காரராமே?

பதில்: எந்த 'முதல்' என்று கேட்க வேண்டும். விருதுக்குரிய செயலை முதலில் செய்தவர் சார்லஸ் டேவிஸ் லூகாஸ். அரசிதழில் முதலில் வந்த பெயர் சிசில் பக்லி. 1857 ஜூன் 26 அன்று லண்டன் ஹைட் பார்க்கில் விக்டோரியா ராணி 62 பேருக்கு விருதைக் குத்திவிட்டபோது வரிசையில் முதலில் நின்றவர் ஹென்றி ரேபி. மூன்று பேருமே கடற்படைதான், போங்கள்!

கேள்வி: லூகாஸ் அப்படி என்ன செய்தார்?

பதில்: 1854 ஜூன் 21. ரஷ்யாவை எதிர்த்து பிரிட்டன் போரிட்ட கிரிமியப் போர்; கிரிமியா இருப்பது கருங்கடலில் என்றாலும் இது நடந்தது பால்டிக் கடலில். ஆலந்து தீவுகளில் ரஷ்யர்களின் போமர்சுண்ட் கோட்டையைச் சுட்டுக்கொண்டிருந்த பிரிட்டிஷ் கப்பல்களில் ஒன்று 'ஹெக்லா'. கோட்டையிலிருந்து பறந்து வந்த குண்டு அதன் மேல்தளத்தில் விழுந்தது. திரி புகைந்துகொண்டிருக்கிறது. எல்லாரும் குப்புறப் படுக்கும்படி உத்தரவு. இருபது வயது லூகாஸ் மட்டும் ஓடிப்போய் அதை வாரியெடுத்து, கப்பல் விளிம்புக்குக் கொண்டுபோய் வெளியே போட்டார். தண்ணீரைத் தொடும் முன்பே வெடித்தது. கப்பலில் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

கேள்வி: குண்டு விழுந்த உடனேயே வெடித்திருக்க வேண்டாமா? நம்ப முடியவில்லை.

பதில்: நியாயமான சந்தேகம். அந்தக் காலத்து குண்டு, உள்ளே வெடிமருந்து அடைத்த இரும்பு உருண்டை. பீரங்கியின் நெருப்பிலேயே திரி பற்றிக்கொள்ளும். அது எரிந்து உள்ளே போனால்தான் வெடிக்கும், மோதியதால் அல்ல. தூரத்தைக் கணக்கிட்டுத் திரியின் அளவை வைப்பார்கள். திரி நீண்டுவிட்டால் குண்டு இப்படிச் சீறிக்கொண்டு கிடக்கும். தீபாவளி வெடிக்குத் திரி கிள்ளியவர்களுக்கு இது புரியும்.

கேள்வி: அவர் சாதாரண மாலுமியா?

பதில்: இல்லை. லெப்டினன்டுக்கு ஒரு படி கீழே இருந்த 'மேட்'; அயர்லாந்துக்காரர். ஹெக்லாவின் கேப்டன் வில்லியம் ஹால் உடனே பதவி உயர்வு கொடுத்தார். விக்டோரியா கிராஸ் என்ற விருதே 1856 ஜனவரியில்தான் உருவானது, பின்தேதியிட்டுத்தான் அவருக்குக் கிடைத்தது. சாதாரண மாலுமியும் அதிகாரியும் ஒரே பதக்கத்தைப் பெறலாம் என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த விஷயம்.

கேள்வி: பிறகு?

பதில்: ரியர் அட்மிரல் வரை உயர்ந்தார். அதே ஹாலின் மகளை 1879-இல் மணந்தார். 1914-இல் காலமானார். இடையில் ஒரு கூத்து: தன் பதக்கங்களை ரயிலிலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டார்! அவை திரும்பக் கிடைக்கவே இல்லை. மாற்றாகச் செய்து கொடுத்த விக்டோரியா கிராஸின் பின்புறம் பெயரும் இல்லை, தேதியும் இல்லை.