சேப்பாக்கத்தில் சாஸ்திரி எடுத்த அந்த சிங்கிள்

கேள்வி: "இந்தப் பக்கமும் சாயலாம், அந்தப் பக்கமும் சாயலாம் என்று மதில்மேல் பூனையாக இருந்த ஒரு முடிவைச் சொல்லுங்கள். நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?"

எனக்குச் சட்டென்று தோன்றுவது 1986 செப்டம்பர் 22, சேப்பாக்கம். இந்தியா – ஆஸ்திரேலியா டெஸ்ட் டையில், அதாவது ஸ்கோர் சமமாக இருக்கும்போதே கடைசி விக்கெட்டும் விழுந்து, முடிந்த நாள். இந்த ஆட்டத்தைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் கடைசியில் அம்பயர் விக்ரம்ராஜு தூக்கிய விரலில் வந்துதான் நிற்பார்கள். எனக்கென்னவோ அதற்கு இரண்டு பந்துக்கு முன்னால் இந்திய பேட்ஸ்மேன் ரவி சாஸ்திரி எடுத்த சிங்கிள், அதாவது அந்த ஒரு ரன்தான் இன்னும் சிக்கலான முடிவு.

முதலில் நிலவரம். ஆஸ்திரேலியா முதல் இன்னிங்ஸில் 574. அந்த வெயிலில் டீன் ஜோன்ஸ் நடுநடுவே வாந்தி எடுத்துக்கொண்டே 210 அடித்தார், அப்புறம் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்ற வேண்டியதாயிற்று. இந்தியா 397. கபில்தேவ் 119 அடிக்காமல் போயிருந்தால் ஃபாலோ ஆன்தான், உடனே மறுபடி பேட்டிங் செய்ய வேண்டியிருந்திருக்கும். இரண்டாவது இன்னிங்ஸில் 170-க்கு 5 என்று இருந்தபோது ஆஸ்திரேலியக் கேப்டன் ஆலன் பார்டர் ஐந்தாம் நாள் பேட்டிங்கே செய்யாமல், போதும் என்று டிக்ளேர் செய்துவிட்டார். இந்தியாவுக்குக் கையில் ஒரு முழு நாள், இலக்கு 348.

இதுவே ஒரு துணிச்சல்தான். காலையில் இன்னும் ஒரு மணி நேரம் ஆடியிருந்தால் ஆஸ்திரேலியா தோற்க வழியே இருந்திருக்காது, ஆனால் இந்தியாவும் கட்டை போட்டு டிரா செய்துவிட்டுப் போயிருக்கும். எதிராளி துரத்தினால்தான் விக்கெட் விழும் என்று பார்டர் கணக்குப் போட்டார். கணக்கு பலித்தது, ஆனால் பாதிதான். கவாஸ்கர் 90 அடித்தார், 331-க்கு 6 என்று இந்தியா சௌகரியமாகவே இருந்தது, அப்புறம் 13 ரன்னுக்குள் மூன்று விக்கெட் போய் 344-க்கு 9.

கடைசி ஓவர். ஜெயிக்க 4 ரன், கையில் ஒரே விக்கெட். வீசுபவர் கிரெக் மேத்யூஸ், அந்தச் சூட்டிலும் ஸ்வெட்டரைக் கழற்றாத மனுஷன். ஸ்ட்ரைக்கில் சாஸ்திரி. முதல் பந்தில் ரன் இல்லை. இரண்டாவதில் இரண்டு ரன். மூன்றாவது பந்தைத் தட்டிவிட்டு ஒரு ரன் ஓடினார். ஸ்கோர் சமம். நன்றாக நிலைத்து 48-இல் நின்றவர் மறுமுனைக்குப் போய்விட்டார், மீதி மூன்று பந்தையும் சந்திக்க வேண்டியவர் மணிந்தர் சிங். மொத்த டெஸ்ட் வாழ்க்கையையும் கூட்டினாலும் நூறு ரன் தேறாத பதினோராம் ஆள்.

இதற்காகத்தான் சாஸ்திரியை இன்றுவரை திட்டுகிறார்கள். நாலு பந்தில் இரண்டு ரன், அவரே அடித்திருக்கலாமே, மணிந்தர் கையில் மட்டையைக் கொடுத்து வேடிக்கை பார்ப்பானேன் என்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நொடியில் இந்தியா ஒரு ரன் பின்னால் இருந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். தூக்கி அடித்து சாஸ்திரி அவுட் ஆகியிருந்தால் ஒரு ரன்னில் தோல்வி. சிங்கிளை வேண்டாம் என்று விட்டிருந்தால், ஒவ்வொரு பந்துக்கும் அதே ஆபத்து தலைக்கு மேல் தொங்கும். அந்த ஒரு ரன் வந்ததும் இந்தியா தோற்பது என்பதே இல்லாமல் போயிற்று. மணிந்தர் ஒரு ரன் எடுத்தால் வெற்றி, அவுட் ஆனால் டை. மூன்று பந்தையும் தடுத்தால்? பலர் அதையும் டை என்றே நினைக்கிறார்கள். இல்லை, டிரா. கடைசியாக ஆடும் அணிக்கு விக்கெட் மிச்சமிருந்து நேரமும் முடிந்துவிட்டால், டெஸ்ட் விதிப்படி ஸ்கோர் சமமாக இருந்தாலும் அது டிராதான்.

நாலாவது பந்தை மணிந்தர் தடுத்தார். ஐந்தாவது பந்து காலில் பட்டது, எல்பிடபிள்யூ (மட்டையில் படாமல் ஸ்டம்புக்குப் போகும் பந்தைக் காலால் தடுத்தால் அவுட்) என்று மேத்யூஸ் முறையிட்டார், விரல் உடனே மேலே போனது. பந்து மட்டையில் உரசிவிட்டுத்தான் காலில் பட்டது என்று மணிந்தர் அப்போதும் சொன்னார், பிறகும் சொன்னார். விக்ரம்ராஜு தன் முடிவை மாற்றிக்கொள்ளவே இல்லை. அதற்குப் பிறகு அவருக்கு டெஸ்ட் அம்பயர் வாய்ப்பும் வரவில்லை. அவர் அந்த விரலைத் தூக்காமல் இருந்திருந்தாலும் இந்தியா ஜெயித்திருக்கும் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது, மிச்சம் இருந்தது ஒரே பந்து, ஆடப்போவதும் அதே மணிந்தர். அந்த விரலால் நமக்கு என்ன போயிற்று என்று பார்த்தால், பெரும்பாலும் ஒரு டிரா. டிராவுக்குப் பதில் 1960 பிரிஸ்பேனுக்குப் பிறகு டெஸ்ட் வரலாற்றின் இரண்டாவது டை கிடைத்தது, மூன்றாவது இன்றுவரை வரவில்லை. இதில் எனக்கு வருத்தமே இல்லை!

இன்றைக்கென்றால் மணிந்தர் இரண்டு கையாலும் டி காட்டி ரிவ்யூ கேட்டிருப்பார், மட்டையில் பட்டதா இல்லையா என்பதை ஒலிக்கோடு சொல்லியிருக்கும். அப்படியும் எல்லாம் தீர்ந்துவிடாது. பந்தில் பாதிக்கும் குறைவாக ஸ்டம்பில் பட்டால் 'அம்பயர்ஸ் கால்', அதாவது களத்தில் நின்றவர் என்ன சொன்னாரோ அதுவே செல்லும். இவ்வளவு கேமரா வைத்த பிறகும், இரண்டு பக்கமும் சாயக்கூடிய பந்தை மறுபடி அந்த மனிதர் தலையிலேயே கட்டிவிடுகிறார்கள். எனக்கு அது சரியென்றே படுகிறது, பலருக்குப் பிடிக்காது.

நானாக இருந்தால்? அதே சிங்கிள்தான். மேத்யூஸ் முதல் இன்னிங்ஸிலேயே ஐந்து விக்கெட் எடுத்தவர், இரண்டாவதில் அதற்குள் நாலு எடுத்துவிட்டார். அப்படிப்பட்டவரை ஒரு ரன் பின்தங்கிய நிலையில் கடைசிப் பந்து வரை சமாளிக்கலாம் என்று சொல்பவர்கள் சொல்லட்டும், எனக்கு அந்தத் தைரியம் கிடையாது.